பத்தில் ஒருவர்

கோடை மழை இரண்டு உழவு தாங்கும் அளவுக்குப் பெய்து ஓய்ந்திருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டின் சித்திரைக் கடைசி. தலைச்சோலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் மேலே ஏறினால் வரும் சிற்றூரில், வெள்ளையன் விடிந்ததும் ஏர் பூட்டிவிட்டார். அறுபதைத் தாண்டிய உடம்பென்றாலும் மேழியைப் பிடித்தால் கை நடுங்காது. அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சில நாளில் மலைச்சாமி சேர்வராயனுக்குக் காப்புக் கட்டிவிடுவார்கள். காப்புக் கட்டினால், திருவிழா முடிந்து அது அவிழும் வரை அவ்வூரில் ஒருவரும் மண்ணைக் கீறக்கூடாது. ஏரும் இறங்காது, மண்வெட்டியும் இறங்காது.

காப்பு அவிழ்ந்த பிறகு ஊருக்கெல்லாம் முந்தி ஒரு பிடி சாமையை மண்ணில் வீசும் உரிமை வெள்ளையனுடையது. அவருடைய அப்பனுக்கும் பாட்டனுக்கும் இருந்த உரிமை. அந்த முதல் பிடி விழாமல் மற்றவர்கள் தத்தம் விதைக்கூடையைத் தொடுவதில்லை. ஆண்டு முழுவதும் எவரும் அவரைப் பெரிதாக மதித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஒரு காலைப்பொழுதில் ஊரே அவர் கையைப் பார்த்து நிற்கும். அதை நினைத்தே அவர் மற்ற நாட்களிலும் நிமிர்ந்து நடந்தார் என்பதை அவருடைய மனைவி அத்தாயி அறிவாள்.

வெயில் ஏறிய நேரம் அத்தாயி ராகிக் களியும் பலாக்கொட்டைக் குழம்பும் எடுத்துக்கொண்டு காட்டுக்கு வந்தாள்.

"ஏனுங்க, களி ஆறிப்போவுது. ஏரை நிறுத்திப்போட்டு வாங்க."

"இரு புள்ளே, இந்தச் சால் முடியட்டும்."

"மாடு வாயில நொரை தள்ளுது. அதும் ஒரு சீவன்தானுங்களே."

"மாட்டு மேல இருக்கற பாசத்துல பாதி எம்மேல வெச்சிருந்தா நான் குண்டாயிருப்பேன்."

"மாடு பீடி குடிச்சுப்போட்டு ராவெல்லாம் இருமறதில்லீங்களே."

வெள்ளையன் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் முகம் கோணியது. மேழியை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார். "குறுக்குல ஆரோ கடப்பாரைய வுட்டு நெம்பற மாதிரி இருக்குது புள்ளே" என்றார். அடுத்த கணம் தாம் உழுத சாலிலேயே உட்கார்ந்து, பிறகு சாய்ந்துவிட்டார். நெற்றியில் அரும்பிய வியர்வை உழைத்தவனின் வியர்வையாக இல்லை; தொட்டால் சில்லென்றிருந்தது.

பக்கத்துக் காட்டில் இருந்த தம்பி அங்கப்பன் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தார். அண்ணனைவிடப் பத்து வயது இளையவர். வயிற்று நோவு என்றால் குடலேற்றம்தான் என்று அவ்வூரில் எல்லோரும் நம்பியது போல அவரும் நம்பினார். விளக்கெண்ணெயைக் கொண்டுவரச் சொல்லி, அண்ணனின் வயிற்றில் தடவி, கீழ்நோக்கி நீவத் தொடங்கினார். இரண்டாம் முறை நீவும்போது சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"அண்ணி, இது குடலில்ல. வவுறே நெஞ்சாட்டம் துடிக்குது."

அத்தாயி தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு அது புதிதில்லை. ஓராண்டாகவே வெள்ளையன் தம் வயிற்றுக்குள் ஒரு தவக்களை குதிக்கிறது என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து அங்கே வைத்து வேடிக்கை காட்டியிருக்கிறார். "மழைக்குக் கத்துதான்னு பாரு" என்பார். இருவரும் சிரித்திருக்கிறார்கள். இப்போது அந்தத் துடிப்பு அகன்று, இடப்பக்கம் முழுவதும் கல்லாகக் கனத்திருந்தது.

கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி, அதில் அவரைக் கிடத்தித் தலைச்சோலைக்கு இறக்கினார்கள். அங்கே காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் நல்ல மனிதர். கேட்டவுடன் ஜீப்பைக் கொடுத்தார். டிரைவர் அண்ணாதுரை ஏற்காட்டில் நிறுத்திக் காட்டியபோது, அங்கிருந்த மருத்துவர் வயிற்றில் கை வைத்த மாத்திரத்தில், "இறக்காதீங்க, நேரா சேலம் போங்க" என்று சொல்லிவிட்டார். மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வெள்ளையனின் தலை அத்தாயியின் மடியில் இப்புறமும் அப்புறமும் புரண்டது. பாதி வழியில் அவர் நினைவிழந்தார்.

சேலத்து மருத்துவமனையில் ஆரோக்கியதாஸ் என்னும் அறுவை மருத்துவர் அன்று பணியில் இருந்தார். இளைத்த உடலும் தாழ்ந்த குரலும் உடையவர். உறவினர்களை நிற்க வைத்துப் பேசும் வழக்கம் அவரிடம் இல்லை. அத்தாயியை உட்காரச் சொல்லி, தாமும் எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, வயித்துக்குள்ள ஓடற பெரிய இரத்தக்குழாய் வீங்கி இருந்திருக்கு. இன்னிக்கு வெடிச்சிருச்சு. உடனே வயித்தைத் திறந்து, அந்த இடத்துல துணியில நெய்த குழாயை வெச்சுத் தைக்கணும்."

"துணிங்களா?" என்றார் அங்கப்பன். "மனுசன் வயித்துல துணி தாங்குமுங்களா?"

"தாங்கும். அது ஆயுசுக்கும் இருக்கும்."

"துணிக்கு ஆயுசு இருக்குதுங்க. எங்கண்ணனுக்கு?"

மருத்துவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆபரேஷன் செய்யலைன்னா சாயங்காலம் வரைக்கும் தாங்காது. செஞ்சா, இப்படி வந்தவங்கள்ல பத்துக்கு மூணு பேர் பிழைச்சிருக்காங்க."

அத்தாயி அதுவரை குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். "எந்த மூணு பேருங்க டாக்டரய்யா?"

"என்னம்மா?"

"அந்த மூணு பேரு எப்படியாப்பட்டவங்கன்னு சொன்னீங்கன்னா, இவரு அதுல இருக்காரான்னு நான் சொல்லிருவேனுங்க. நாப்பது வருசமாக் கூட இருக்கறேன்."

ஆரோக்கியதாஸ் அவளை நேராகப் பார்த்தார். "அது எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் இன்னும் நல்ல டாக்டரா இருப்பேன்மா" என்றார்.

அங்கப்பன் கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் பணிவாகவே கேட்டார். "டாக்டருங்க தப்பா நெனைக்கக் கூடாது. எங்க சாமிகிட்டப் பூப்போட்டுக் கேக்காம இந்த மாதிரி காரியம் நாங்க பண்றதில்லீங்க. செகப்பு ஒரு பொட்டணம், வெள்ளை ஒரு பொட்டணம். வெள்ளை வந்துச்சுன்னா கத்தி வெச்சுக்கலாம். ஜீப்புலயே போயிட்டு ஓடியாந்தர்றனுங்க."

"பூ எடுக்கறதுக்குள்ள ஆளு போயிருவாரு அங்கப்பா" என்றாள் அத்தாயி. கட்டைவிரலை நீட்டி, "மை எங்கீங்க?" என்று கேட்டாள்.

இரத்தம் தேவைப்பட்டது. அண்ணாதுரை ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய், எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளிலிருந்து பின்புறம் கொள்ளுமட்டும் ஆட்களை ஏற்றிவந்தார். பழம் பறிப்பவர்களும் கவாத்து செய்பவர்களும் வரிசையில் நின்று கை நீட்டினார்கள். மலைக்காரருக்கும் கீழ்நாட்டிலிருந்து வந்த எஸ்டேட் குடும்பங்களுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஆனால் அன்று அது யாருக்கும் நினைவில் இல்லை. ஊசியைக் கண்டு வெளிறிப்போன அங்கப்பனை அண்ணாதுரை சும்மா விடவில்லை.

"அங்கப்பண்ணா, பயப்படாதீங்க. உங்கண்ணனுக்கு இப்ப எஸ்டேட் இரத்தம் ஏறியிருக்குது. இனிமே காலையில சங்கு ஊதுனா தானா எந்திரிச்சு ஆஜர் சொல்லிருவாரு."

"ஆஜர் சொன்னா உன்ற மொதலாளி கூலி குடுப்பானா?"

"அதுக்கு ரைட்டரைக் கேக்கோணும்."

அறுவை முடிந்தது. வெள்ளையன் மேசையில் சாகவில்லை என்பதே பெரிய செய்தி என்று சொன்னார்கள். ஆனால் அவர் கண் திறக்கவில்லை. வாயில் குழாய், மூக்கில் குழாய், கட்டிலின் ஓரத்தில் தொங்கும் ஒரு பை. அந்தப் பையில் சிறுநீர் சேர வேண்டும் என்றும், அதுதான் நல்ல குறி என்றும் நர்ஸ் கலாவதி சொல்லிக்கொடுத்தாள். கலாவதி எஸ்டேட் லயனில் பிறந்து வளர்ந்த பெண். மலைப்பேச்சு காதில் விழுந்ததும் அத்தாயியைத் தன் சொந்தக்காரியைப் போல நடத்தினாள்.

அத்தாயிக்குச் சேலத்து வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. இரவிலும் சுவர் சுடுகிற ஊரில் அவள் அதற்கு முன் தங்கியதில்லை. தாழ்வாரத்துத் தரையில் ஈரத்துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருப்பாள். டீயில் பன்னைத் தோய்த்து வாயில் போட்டால் மண்ணைத் தின்பது போலிருக்கும். ஒரே மகள் ராசம்மாள் வெள்ளக்கடை என்னும் ஊரில் நிறைமாதமாக இருந்தபடியால் அவளை வரவேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். கலாவதி கதவைத் திறந்து வெளியே வரும் ஒவ்வொரு முறையும் அத்தாயி எழுந்து நிற்பாள்.

"ஒண்ணுக்குப் போனாருங்களா கண்ணு?"

"இல்லீங்க அம்மா. இன்னும் பை காலியாத்தான் இருக்குது."

"தண்ணி குடுத்தாத்தானே போவாரு?"

"ஊசி வழியா நிறையத்தான் போவுதுங்க."

"அவரு எப்பவும் அப்படித்தான் கண்ணு. ஆரு சொன்னாலும் ஒடனே செய்ய மாட்டாரு."

கலாவதி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போவாள்.

அவ்விதம் சில நாட்கள் சென்ற பிறகு, ஒரு நண்பகலில் ஆரோக்கியதாஸ் அத்தாயியையும் அங்கப்பனையும் தம் அறைக்கு அழைத்தார். முன்போலவே உட்காரச் சொன்னார்.

"அம்மா, நான் மறைக்க விரும்பலை. வர்றப்பவே நினைவு இல்லாம வந்தார். இரத்தம் நிறையப் போயிருந்துச்சு. இதயம் சோர்ந்திருக்கு. இப்ப சிறுநீரகமும் வேலை செய்யலை. இந்தக் குறி ஒவ்வொண்ணு கூடக் கூட, பிழைக்கிற வாய்ப்பு குறைஞ்சுட்டே போகும்னு பார்த்தவங்க எழுதி வெச்சிருக்காங்க. என் கண்ணால பார்த்ததும் அப்படித்தான். அன்னிக்குப் பத்துல மூணுன்னு சொன்னேன். இப்ப பத்துல ஒருத்தர்னுதான் சொல்ல முடியும்."

"அந்த ஒருத்தரு இவரா இருக்கலாமுங்களா?"

"இருக்கலாம்மா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா வீட்டுல சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லி வைங்க."

அவர் நேர்மையாகவே பேசினார். அவரைக் குறை சொல்ல இயலாது. அத்தாயி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்தின் கோடியில், ஜன்னல் வழியே மலை தெரிகிற இடத்தில், அங்கப்பன் அவளை நிறுத்தினார். கோடை முகில் மூடி, மலையின் முடி அன்று தெரியவில்லை.

"அண்ணி, நாளைக்குப் பொழுது விடிஞ்சா காப்பு."

"தெரியும்."

"காப்புக் கட்டுனா மண்ணைத் தொட முடியாது."

"தெரியுங்கறேனல்ல."

"தெரியும் தெரியும்னா எப்படி? நானும் மேல போயாகோணும். என்ற கையிலயும் கட்டுறாங்க. கட்டுனப்பறம் நான் மலைய வுட்டு எறங்க முடியாது."

"போ. உன்னைய ஆரு புடிச்சு வெச்சா?"

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. கேக்கறத ஒரு தடவ காது குடுத்துக் கேளுங்க. அந்த ஒருத்தரு எங்கண்ணனா இருக்கட்டும்னுதான் நானும் வேண்டறேன். இல்லாமப் போச்சுன்னா? மேல குழி வெட்ட முடியாது. கீழயே, இந்த வெய்யக்காட்டுலயே வெச்சு எரிச்சுப்போட்டு வாங்கன்னுருவாங்க. நம்ம சனத்துல ஆரையாச்சும் நெருப்புல வெச்சிருக்கமா?"

அத்தாயி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"உசுரோட மேல எடுத்துட்டுப் போயிரலாமான்னும் பார்த்தேன்."

"வாயில இருக்கற குழாயை எடுத்தா மலையடி போறதுக்குள்ள மூச்சு நின்னுரும்னு அந்த நர்சுப் புள்ள சொல்லுது. நான் எடுக்க வுட மாட்டேன் அங்கப்பா. அது மட்டும் கேக்காத."

"செரி, கேக்குல. ஆனா முன்னயே வெட்டி வெச்ச குழின்னா, காப்புக்குள்ளயும் எறக்கிக்கலாம். ஊர்க்கவுண்டரு சின்னையனைக் கேட்டுப்போட்டுத்தான் வந்திருக்கறேன். நம்ம காட்டுலதான், பலா மரத்துக்குக் கெழக்கால. நானே வெட்டறேன். வேற ஒருத்தன் கடப்பாரைய அங்க வெக்க வுட மாட்டேன்."

"உசுரு உள்ள கெடக்கறப்ப குழி வெட்டறதா?"

"உசுரு போனப்பறம் வெட்ட முடியாதே அண்ணி."

கதவின் கண்ணாடிக்கு அப்பால் வெள்ளையனின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. உழுத மண் அவர் நகக்கண்ணில் இன்னும் இருந்தது, யாரும் கழுவவில்லை. அத்தாயி அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அவர் பிழைப்பார் என்று சொன்னால் அது அவளுடைய ஆசை. பிழைக்க மாட்டார் என்று சொன்னால் அது அவளுடைய துரோகம். நடுவில் நிற்க இடம் இருந்தால் அவள் அங்கே நின்றிருப்பாள்.

"வெட்டு" என்றாள். அங்கப்பன் நடக்கத் தொடங்கியதும் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "அங்கப்பா, நொம்ப ஆழமா வேண்டாம்."

மறுநாள் மலைமேல் காப்புக் கட்டினார்கள். அதற்கு அடுத்த நாளா, மூன்றாம் நாளா என்பது அத்தாயிக்குப் பின்னாளில் நினைவில்லை. கலாவதி கதவை முழுவதும் திறந்துகொண்டு ஓடிவந்தது மட்டும் நினைவிருந்தது.

"அம்மா, ஒண்ணுக்குப் போயிட்டாருங்க! பையில பாதிக்கு மேல!"

அந்தச் செய்தியை ஒரு மனைவி அவ்வளவு ஆனந்தத்தோடு கேட்டது அந்தத் தாழ்வாரத்தில் அதற்கு முன் நடந்ததில்லை. அத்தாயி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அறுவை நடந்த அன்றும் அழாதவள், பத்தில் ஒருவர் என்று கேட்ட அன்றும் அழாதவள், அன்றுதான் அழுதாள். அதன் பிறகு வெள்ளையன் கொஞ்சம் கொஞ்சமாகத் தம் உடம்புக்குத் திரும்பிவந்தார். வாயிலிருந்த குழாயை எடுத்த அன்று, குரல் வராத தொண்டையால் அவர் முதன்முதலில் கேட்டது இது:

"மாட்டை அவுத்துக் கட்டுனியா?"

"கட்டியாச்சுங்க. அன்னைக்கே கட்டியாச்சு."

அண்ணாதுரை மறுமுறை ஜீப்பில் வந்தபோது மலையிலிருந்து செய்தி கொண்டுவந்தார். அத்தாயியைத் தனியே அழைத்து, மெல்லிய குரலில் சொன்னார்.

"அக்கா, குழி மூடியாச்சுங்க. திறந்த குழி வாயத் தொறந்துட்டே கெடந்தா ஊருல ஆரையாச்சும் கேக்குமாம். காப்புல மண்ணைக் கீறத்தான் கூடாது, மூடிக்கலாம்னு ஊர்க்கவுண்டரு சொல்லிட்டாரு."

"வெறுங்குழிய மூடக் கூடாதே?"

"மூடுலீங்க. வாழக்கட்டைய ஆளு நீளத்துக்கு வெட்டி, அண்ணன் வேட்டியச் சுத்தி, அண்ணன் பேரச் சொல்லித்தான் எறக்குனாங்க. ஒரு சாங்கியமும் குறை வெக்குல. அங்கப்பண்ணன் அழுத அழுகை இருக்குதே! வாழக்கட்டைக்கு அப்படி அழுத ஆளை நான் பார்த்ததில்லீங்க அக்கா."

அத்தாயி இரண்டு கைகளையும் எடுத்து மலையிருக்கும் திசையைக் கும்பிட்டாள். தான் வெட்டச் சொன்ன குழி மூடிவிட்டது. ஆளை விட்டுவிட்டு வாழையை எடுத்துக்கொண்டது. அன்று மாலை அண்ணாதுரை வாங்கிக்கொடுத்த இட்லி அவளுக்கு முதன்முதலாக இட்லியாகவே ருசித்தது. அங்கப்பனிடம் தான் சொன்ன 'வெட்டு' என்ற அந்த ஒற்றைச் சொல்லை வெள்ளையனிடம் சொல்ல வேண்டிய தேவை இல்லையென்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஆரோக்கியதாஸ் வெள்ளையனின் வயிற்றுத் தழும்பைத் தடவிப் பார்த்தார். நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை ஓர் ஏர்ச்சால் போல அது ஓடியது.

"கனம் தூக்கக் கூடாது. குனிஞ்சு வேலை செய்யக் கூடாது. பீடி கூடவே கூடாது."

"அப்ப என்ன பண்றதுங்க?"

"உட்கார்ந்து தம்பி வேலை செய்யறதைப் பாருங்க." மருத்துவர் சிரித்தார். பிறகு அத்தாயியின் பக்கம் திரும்பினார். "எந்த மூணு பேருன்னு கேட்டீங்களேம்மா. நான் நினைச்சு நினைச்சுப் பார்த்தேன். இவர் பிழைக்க மாட்டார்னுதான் நான் மனசுக்குள்ள முடிவு பண்ணியிருந்தேன். என் கணிப்பு தப்பாப் போனதுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை."

"உங்க கை நல்லா இருக்கோணுமுங்க" என்றாள் அத்தாயி.

ஊர் எல்லையில் அங்கப்பன் காத்திருந்தார். திருவிழா முடிந்து காப்பு அவிழ்ந்திருந்தது. அண்ணனைக் கண்டதும் காலைத் தொடப் போய், தொடாமல் நின்று, பிறகு கட்டிக்கொண்டு விம்மினார். மற்றவர்களும் வந்தார்கள், நலம் விசாரித்தார்கள். ஆனால் ஒருத்தி தன் கைக்குழந்தையை வெள்ளையனுக்கு எட்டாத மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டதை அத்தாயி பார்த்தாள். வெள்ளையன் உட்காரப் போன கல்லில் இருந்த இருவர் எழுந்து, அவருக்கு இடம் விட்டது மரியாதையினாலா, விலகலினாலா என்று சொல்வது கடினமாக இருந்தது.

காட்டுக்குள் நுழைந்ததும் பலா மரத்துக்குக் கிழக்கே, ஆள் நீளத்துக்கு மண் மேடாகக் கிடந்ததை வெள்ளையனே கண்டுவிட்டார்.

"அதென்னடா அங்கப்பா?"

அங்கப்பன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அண்ணியைக் கேட்டதை மட்டும் விட்டுவிட்டார். "நாந்தாண்ணா வெட்டுனேன். உன்னைய நெருப்புல வெச்சிருவாங்களோங்கற பயத்துல வெட்டிப்போட்டேன்."

வெள்ளையன் மேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். "எந்த வேட்டிடா சுத்துன?"

"கரை வெச்சதுண்ணா."

"அடப்பாவி. வாழக்கட்டைக்கு என்ற நல்ல வேட்டியவா கட்டுவ? பழசு ஒண்ணு கொடியில கெடந்துச்சே."

அங்கப்பனும் சிரித்தார், அத்தாயியும் சிரித்தாள். அத்தோடு அது முடிந்துவிட்டது என்று மூவரும் எண்ணினார்கள்.

நல்ல மழை ஒன்று பெய்து, விதைப்புக்கு நாள் குறித்தார்கள். அன்று காலை வெள்ளையன் குளித்து, திருநீறு பூசி, இருப்பதில் நல்ல வேட்டியைக் கட்டினார். கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து ஊர்க்காட்டுக்கு நடந்து போகவே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஆனாலும் மருத்துவமனையிலிருந்து வந்த நாளாக அவர் முகத்தில் அப்படியொரு தெளிவை அத்தாயி கண்டதில்லை. பனி மூட்டம் விலகாத காட்டில் ஊர் கூடியிருந்தது. நடுவில் சாமைக்கூடை. வெள்ளையன் வழக்கப்படி முன்னால் போய்க் கையை நீட்டினார்.

ஊர்க்கவுண்டர் சின்னையன் கூடையை நகர்த்திக் கொடுக்கவில்லை. அவர் வெள்ளையனோடு ஒன்றாக மாடு மேய்த்தவர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வெள்ளையா, நீ உக்காந்துக்கப்பா."

"உக்காந்துட்டு வீச முடியாதே சின்னையா."

"இந்த வருசம் அங்கப்பன் வீசட்டும்."

"எனக்குக் கை நல்லாத்தான் இருக்குது. வவுத்துலதான் தையல்."

"கையைப் பத்தி இல்லப்பா." சின்னையன் சுற்றிலும் பார்த்தார். அவருக்கு உதவ ஒருவரும் வாய் திறக்கவில்லை. "குழி மூடியாச்சு. உன்ற பேரச் சொல்லித்தான் மூடுனோம். உள்ள போனது ஆளா, வாழையான்னு மண்ணுக்குத் தெரியாது. பேரு போயிருச்சு. பேரு போன கையில வெதை வாங்குனா மொளைக்குமான்னு சனம் கேக்குது. நான் என்னத்தச் சொல்லட்டும்?"

அத்தாயி பெண்கள் நின்ற இடத்திலிருந்து முன்னால் வந்தாள். "ஏனுங்க மாமா, பத்துப் பேருல ஒருத்தருதான் பொழைப்பாங்கன்னு டாக்டரே சொன்னாரு. அதுல பொழைச்சு வந்த மனுசனுங்க. அந்தக் கையி ராசியான கையின்னு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வருலீங்களா?"

"அம்மிணி, அவன் பொழைச்சதுல எனக்குச் சந்தோசமில்லையா? நானும் அவனும் ஒரே தட்டுல தின்னவங்க. ஆனா மழை வராமப் போனா நாளைக்கு அவனத்தான சொல்லுவாங்க? அந்தப் பேச்சை அவன் கேக்க வேண்டாமுன்னுதான் சொல்றேன்."

"அப்பப் பேரச் சொல்லி ஏனுங்க மூடுனீங்க?"

"பேரில்லாம மூடக் கூடாதே அம்மிணி."

அவர் சொன்னதில் சூது இல்லை. அந்தக் கூட்டத்தில் வெள்ளையனுக்குக் கேடு நினைத்தவர் ஒருவரும் இல்லை. குழியை வெட்டியது அன்பு, மூடியது அச்சம், வெட்டச் சொன்னது யாரென்று அத்தாயிக்குத் தெரியும். அவள் இன்னும் பேச வாய் எடுத்தபோது வெள்ளையன் கையை உயர்த்தினார்.

"வுடு புள்ளே. மண்ணு காயுது. அங்கப்பா, வந்து எடு."

அங்கப்பன் வரவில்லை. "என்னால ஆவாதுண்ணா" என்று பின்னால் போனார்.

"எடுடான்னா! கெழக்கால பார்த்து நில்லு. காத்து மேக்க இருந்து வருது, கையத் தாழ்த்தி வீசு. ஒசத்துனா எல்லாம் ஓடையிலதான் போயி வுழும்."

அங்கப்பன் ஒரு பிடி எடுத்தார். அவர் கை நடுங்கியதில் பாதி விதை காலடியிலேயே சிந்தியது. மீதியை வீசினார். ஊர் குலவையிட்டது. அதன்பிறகு ஒவ்வொருவராகத் தத்தம் கூடையைத் தொட்டார்கள். வெள்ளையன் வரப்பில் உட்கார்ந்து, பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாதுரை வழியில் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் குந்தி, எஸ்டேட்டில் யாரோ ஏணியிலிருந்து விழுந்த கதையைச் சொன்னார். வெள்ளையன் உரிய இடங்களில் எல்லாம் சிரித்தார்.

பொழுது சாயும் நேரம், தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அத்தாயி சாமைச் சோறு வடித்து, அவரைக்காய் தாளித்து, வாசலுக்கு வந்து பார்த்தபோது கட்டில் காலியாக இருந்தது. வீட்டு விதைக்கூடையின் மூடி திறந்து கிடந்தது. அவள் கால் தானாகவே காட்டை நோக்கி நடந்தது.

அவர் பலா மரத்துக்குக் கிழக்கே நின்றுகொண்டிருந்தார். மண்மேட்டின் தலைமாட்டில், கிழக்குப் பார்த்து, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றார். உள்ளங்கையிலிருந்து சாமை விரல்களின் இடையே சீராக இறங்கி, மேட்டின் மேல் நீள விழுந்தது. அந்த வீச்சில் ஒரு நடுக்கமும் இல்லை.

"ஏனுங்க, மழையில நின்னுட்டு என்ன பண்றீங்க?"

"வெதைக்கறேன்."

"இங்கயாங்க?"

"வேற எங்க? இந்த ஆறடியத்தான் ஊரே கூடி எம்பேருக்குன்னு குடுத்திருக்குது. இதுல வெதைக்க ஆரக் கேக்கோணும்?"

கடைசி விதையும் விழுந்த பிறகு அவர் கையைத் தட்டிக்கொண்டார். விதைத்ததை உடனே மண்ணால் மூடவில்லையென்றால் எறும்பும் குருவியும் கொண்டுபோய்விடும். அவர் குனியப் பார்த்தார். வயிற்றுத் தையல் இழுத்தது. முட்டியில் கையூன்றி, மறுபடியும் முயன்றார். பாதியிலேயே நின்று, நிமிர்ந்து, மனைவியைப் பார்த்தார்.

"நீ மூடு புள்ளே."

அத்தாயி ஈர மண்ணில் முழங்காலிட்டாள். கால்மாட்டிலிருந்து தொடங்கி, இரண்டு கைகளாலும் மண்ணைத் தள்ளித் தள்ளி, மூடிக்கொண்டே மேலே போனாள்.